ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டோம், கணினி தூங்கிவிட்டது



படிக்கிற பிள்ளைகளுக்கு நம் டிரஸ்ட் மடிக்கணினிகளை இரவலாகக் கொடுத்து வாங்குவது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். எதுவும் புதியதல்ல. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் அனுப்பியவை, கம்பெனிகள் கழித்துப் போட்டவை. அவற்றைப் பழுது பார்த்துக் கொடுக்கிறோம். திரும்பி வரும்போது கூடவே புகாரும் வரும். சார்ஜர் சூடாகிறது, ஒரு பட்டன் அமுங்கவில்லை என்பவை வழக்கமானவை. அதற்கு அடுத்து நாங்கள் அதிகம் கேட்பது இது: "வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போதே தானா அணைஞ்சு போயிடுது."

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவி, வடிவமைப்புப் படிப்புக்காக ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். தான் வரைந்தவற்றையும், செய்த வேலைகளின் வீடியோவையும் கல்லூரியின் தளத்தில் ஏற்ற வேண்டும். மொத்தம் நான்கு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் பகல் 12 மணியோடு தளத்தை மூடிவிடுவார்கள். வீட்டு இணையத்தில் ஏற்றும் வேகம் குறைவு என்பதால் இஷா தொழுதுவிட்டுத் தொடங்கினாள். ஆறேழு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. சரி, ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். ஃபஜ்ருக்கு எழுந்து பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது. தொட்டதும் உயிர் வந்தது. ஒன்பது சதவீதத்தில் வேலை நின்றிருந்தது.

உம்மாவுக்குக் கோபம். "ஒழுங்கா உக்காந்து பார்த்திருந்தா இப்படி ஆகுமா? ஃபோனைப் பார்த்துக்கிட்டே தூங்கியிருப்பா. இப்ப மெஷின் மேல பழியைப் போடுறா" என்றார். சவூதியிலிருந்து அழைத்த வாப்பா, "டிரஸ்டுல ஓட்டை மெஷினைக் கொடுத்துட்டாங்க" என்றார். பிள்ளைக்கோ, தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் என்ற பயம். காலை எட்டரை மணிக்கு அழுத கண்ணோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அலுவலகத்தில் ஃபைபர் இணைப்பு இருந்ததால், அல்ஹம்துலில்லாஹ், பதினோரு மணிக்குள் எல்லாம் ஏறிவிட்டது. அந்த நேரம் முழுக்க அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் அதை லேசாக அசைத்துக்கொண்டே இருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவள் செய்த அந்தக் காரியம் சரியானது. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

மூன்று பேர் சொன்ன மூன்று காரணமும் தவறு. மெஷின் பழுதாகவில்லை, பிள்ளை பொய் சொல்லவில்லை, எதையும் தவறாக அழுத்தவும் இல்லை. அந்தக் கணினி, நாங்கள் கொடுத்தபோது அதில் என்ன அமைத்திருந்தோமோ அதைத்தான் செய்தது. அமைத்த நாங்கள் அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டோம். அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

அணைவது வேறு, தூங்குவது வேறு

கறுப்புத் திரையைப் பார்த்ததும் "அணைந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கறுப்புக்குப் பின்னால் மூன்று வேறு நிலைகள் இருக்கலாம். திரை மட்டும் அணைந்திருக்கலாம்; அப்போது உள்ளே எல்லா வேலையும் நடந்துகொண்டே இருக்கும், ஒரு பாதகமும் இல்லை. இரண்டாவது ஸ்லீப், அதாவது தூக்கம். திறந்திருந்தவற்றை நினைவகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைக் கணினி நிறுத்திவிடும். இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தது அறுந்துபோகும். மூன்றாவது ஹைபர்னேட். எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மின்சாரமே இல்லாமல் படுத்துவிடும். எழுப்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

எப்போது தூங்கலாம் என்பதை விண்டோஸ் எப்படி முடிவு செய்கிறது? கீபோர்டும் மவுஸும் கடைசியாக எப்போது அசைந்தன என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது. குறித்து வைத்த நிமிடங்கள் அசைவில்லாமல் கழிந்தால், ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். கடையில் முன்பக்கம் ஆள் இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிடும் பையனை நினைத்துப் பாருங்கள். பின்கட்டில் தையல் மெஷின் ஓடுகிறதா என்று அவன் எட்டிப் பார்க்க மாட்டான். உள்ளே இருப்பவர் "இருக்கோம்பா" என்று குரல் கொடுத்தால்தான் நிறுத்துவான். கணினியிலும் அந்தக் குரலைக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், "என் வேலை முடியவில்லை, தூங்காதே" என்று விண்டோஸிடம் கேட்டுக்கொள்ளலாம். சில நிரல்கள் கேட்கும். பல நிரல்கள் கேட்பதில்லை.

"மூணு மணி நேரம் படம் பார்த்தா தூங்க மாட்டேங்குது, ஃபைல் ஏத்தினா மட்டும் தூங்குது" என்று ஒரு சகோதரர் எங்களிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். காரணம் இதுதான். வீடியோ ஓட்டும் நிரல் அந்தக் குரலை ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறது. ஒரு விண்ணப்பப் பக்கத்தில் ஃபைல் ஏறிக்கொண்டிருப்பதையோ, ஒரு பெரிய ஃபோல்டர் நகலாகிக்கொண்டிருப்பதையோ எல்லா நிரலும் அப்படிச் சொல்வதில்லை. கணினியின் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை.

கணினியிடமே கேட்டுவிடலாம்

யாரையும் குறை சொல்வதற்கு முன்பு, புதுப் பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கும் முன்பு, நடந்தது என்ன என்று கணினியிடமே கேட்கலாம். அது நேரம் போட்டு எழுதி வைத்திருக்கும்.

ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் ஈவென்ட் வியூவர் என்று இருக்கும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். நூற்றுக்கணக்கான வரிகள் வந்து நிற்கும். கணினி நின்றுபோன நேரத்தை ஒட்டிய வரிகளை மட்டும் பாருங்கள். கெர்னல்-பவர் என்ற பெயரோடு 42 என்ற எண் இருந்தால், கணினி அப்போது தூங்கப் போயிருக்கிறது என்று பொருள். அந்த வரியைத் தொட்டால் கீழே ஸ்லீப் ரீசன் என்று காரணமும் இருக்கும். சிஸ்டம் ஐடில் என்றிருந்தால் அசைவில்லாததால் தூங்கியது. பட்டன் ஆர் லிட் என்றிருந்தால் பவர் பட்டன் அமுக்கப்பட்டிருக்கிறது, அல்லது மூடி மூடப்பட்டதாகக் கணினி எண்ணியிருக்கிறது. பேட்டரி என்றிருந்தால் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. புதிய வகை மடிக்கணினிகள் பலவற்றில் 42-க்குப் பதிலாக 506 என்ற எண்ணைத் தேட வேண்டும். அதிலும் காரணம் எழுதியிருக்கும்.

41 என்ற எண் இருந்தால் கதை வேறு. கணினி தூங்கவில்லை, முறையாக அணைக்கப்படாமலே நின்றுபோயிருக்கிறது. கரண்ட் போயிருக்கலாம், உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டிருக்கலாம். 1074 என்றிருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் முறைப்படி அணைத்தோ மறுதொடக்கம் செய்தோ இருக்கிறது. இரவில் விண்டோஸ் அப்டேட் வந்து மறுதொடக்கம் ஆனால் இப்படித்தான் பதிவாகும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் சிவப்புக் குறிகளும் மஞ்சள் குறிகளும் நிறைய இருக்கும். நன்றாக ஓடுகிற கணினியிலும் இருக்கும். "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று ஃபோன் செய்யும் மோசடிக்காரர்கள் இதே பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இதே சிவப்புக் குறிகளைக் காட்டித்தான் பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். நீங்களாகத் திறந்து பார்ப்பதில் ஆபத்தில்லை. ஃபோனில் எவனோ சொல்லித் திறக்காதீர்கள்.

நம் மாணவியின் கணினியில் 42 இருந்தது. காரணம் சிஸ்டம் ஐடில். அவள் கடைசியாகத் தொட்டதிலிருந்து சரியாக அரை மணி நேரம். அந்த அரை மணியை அமைத்தவர்கள் நாங்கள். உம்மாவை வரவழைத்துத் திரையில் நேரத்தைக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மகளுடைய பையைத் தான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நம் வீடுகளில் நாங்கள் கண்ட காரணங்கள்

அதற்குப் பிறகு புகாரோடு வரும் ஒவ்வொரு கணினியிலும் இந்தப் பதிவைப் பார்க்கத் தொடங்கினோம். பெரும்பாலும் வருவது நேர அமைப்புதான். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போனால் ஸ்கிரீன், ஸ்லீப் என்ற வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கணக்கு உண்டு: சார்ஜரில் இருக்கும்போது எத்தனை நிமிடம், பேட்டரியில் இருக்கும்போது எத்தனை நிமிடம். சார்ஜருக்கான இடத்தில் நெவர் என்று வைத்துவிட்டு நிம்மதியாகப் படுப்பவர்கள் பேட்டரிக்கான இடத்தை மறந்துவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது. கணினி சத்தமில்லாமல் பேட்டரிக்கு மாறுகிறது. அங்கே பத்து நிமிடம் என்றிருக்கிறது. பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறது. மூன்று மணிக்குக் கரண்ட் வந்தாலும் யாராவது தொடும்வரை அது எழுந்திருக்காது. காலையில் பார்க்கும் நமக்குக் கரண்ட் போனதே தெரியாது. புதிய வகை மடிக்கணினிகளில், பேட்டரியில் ஓடும்போது ஒரு நிரல் "தூங்காதே" என்று கேட்டாலும், தூங்கும் நேரம் வந்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்தக் குரலுக்கு மதிப்பில்லை.

கரண்டே போகாமலும் இது நடக்கும். பழைய மடிக்கணினிகளில் சார்ஜர் குத்தும் துளை தளர்ந்திருக்கும். வயர் கொஞ்சம் அசைந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். கீழே மூலையில் இருக்கும் பேட்டரிப் படத்தில் பிளக் குறி தோன்றித் தோன்றி மறைகிறதா என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். மறைந்தால், துளையைச் சரிசெய்யாமல் அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை.

அடுத்தது, எங்களையே வியக்க வைத்த ஒன்று. கல்லூரியில் படிக்கும் ஒரு சகோதரி, டைப் செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுப்பாகிறது என்று இரண்டு முறை கணினியைக் கொண்டுவந்தார். இங்கே எங்கள் மேசையில் அது ஒருமுறைகூடத் தூங்கவில்லை. பதிவில் பட்டன் ஆர் லிட் என்றிருந்தது. மூடியை யாரும் மூடவில்லை என்கிறார். மூன்றாம் முறை வந்தபோதுதான், அவர் தன் ஹிஜாப் பின் ஒன்றைக் கழற்றிக் கீபோர்டின் ஓரத்தில் வைத்ததைக் கவனித்தோம். இப்போது பரவலாக விற்கும் காந்தப் பின். மடிக்கணினியின் மூடி மூடியிருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க உள்ளே காந்தத்தை உணரும் ஒரு சின்ன உறுப்பு இருக்கும்; மூடியில் அதற்கு நேரே ஒரு காந்தம். வேறு காந்தம் பக்கத்தில் வந்தாலும் மூடி மூடிவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். காந்தப் பட்டை உள்ள வாட்ச், காந்தம் வைத்த ஃபோன் கவர், கைப்பையின் காந்தக் கொக்கி எல்லாமே இதைச் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மடிக்கணினி மேல் இன்னொன்றை வைத்தாலும் நடக்கலாம். பின்னை எடுத்ததும் நோய் தீர்ந்தது. அந்தச் சகோதரி அதற்குள் ஒரு கடையில் ஆயிரத்து ஐநூறு ரூபாய் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்.

சூட்டையும் சொல்ல வேண்டும். வீடியோ எடிட்டிங் செய்து குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் சகோதரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிக்காஹ் வீடியோ ஒன்றை முடித்து ஃபைலாக்க இரவெல்லாம் ஓடும். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்துவிட்டுப் படுத்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டுப்போகும். சூடு அளவு மீறினால் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் படுத்துவிடும், அல்லது ஒரேயடியாக அணைந்துவிடும். பலகை மேல் வையுங்கள். இரண்டு மூன்று வருடம் ஓடிய கணினியென்றால் உள்ளே தூசியை ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு காரணத்தை நாங்கள் எங்கள் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. டிரஸ்டின் கணக்குகளும், கல்வி உதவி, விதவை உதவி பெறுவோரின் பட்டியலும் அலுவலகக் கணினியில் இருக்கின்றன. மக்கள் நம்பி ஒப்படைத்த அமானிதம். அது போய்விடக் கூடாது என்று, தினமும் இரவு 2 மணிக்குக் கணினி தானாக விழித்து எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தோம். பல மாதங்கள் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் பழைய பட்டியல் ஒன்று தேவைப்பட்டு அந்த டிஸ்க்கைத் திறந்தால், முதல் சில ஃபோல்டர்கள்தான் இருந்தன. மற்றவை ஒருநாளும் நகலாகவே இல்லை.

நடந்தது இது. ஆள் தொடாமல், குறித்த வேலைக்காகத் தானாக விழிக்கும் கணினிக்கு விண்டோஸில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. அது வழக்கமாக இரண்டே நிமிடம். விழித்தது, நகல் எடுக்கத் தொடங்கியது, கீபோர்டை யாரும் தொடவில்லை, நகல் எடுக்கும் நிரலும் குரல் கொடுக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட்டது. நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஸ்லீப் அமைப்பில் எத்தனை மணி நேரம் வைத்திருந்தாலும் இது அதற்குக் கட்டுப்படாது. இந்த இரண்டு நிமிடக் கணக்கு அமைப்புப் பக்கங்களில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தவர்கள் அதை வெளியே கொண்டுவந்து மாற்றலாம். நாங்கள் அந்த வம்புக்குப் போகவில்லை. நகல் எடுக்கும் நேரத்தை அஸருக்குப் பிறகு, அலுவலகத்தில் ஆள் இருக்கும் வேளைக்கு மாற்றிக்கொண்டோம். வாரம் ஒருமுறை டிஸ்க்கில் கடைசி ஃபோல்டரைத் திறந்து பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம். கடை வைத்திருப்பவர்கள், மதரஸா நிர்வாகிகள், வீட்டுப் புகைப்படங்களை டிஸ்க்கில் சேர்ப்பவர்கள் யாராக இருந்தாலும் இன்றே உங்கள் நகலைத் திறந்து பாருங்கள். "ஓடுகிறது" என்று நினைப்பதும் ஓடியிருப்பதும் ஒன்றல்ல என்பதை நாங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

கணினி விழித்திருந்தும் வேலை நிற்பது உண்டு. பின்னால் கிடக்கும் பக்கங்களை உலாவி தானே உறங்க வைக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதனால் ஃபைல் ஏறும் பக்கத்தையே முன்னால் வைத்துவிட்டுப் போவது நல்லது. ஈவென்ட் வியூவரில் 42-ம் இல்லை, 506-ம் இல்லை, ஆனாலும் வேலை நின்றிருக்கிறது என்றால் இணையத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினி பேட்டரியில் பிழைத்துக்கொள்ளும், ரவுட்டர் பிழைக்காது.

ஓர் இரவு வேலை இருந்தால்

தொடங்கிவிட்டுப் படுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஸ்டார்ட்டில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடி, வலது கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறங்கள். பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல். என்டர் தட்டினால் "தூங்காதே" என்று இப்போது யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் உங்கள் நிரலின் பெயர் இருந்தால், சார்ஜரில் இருக்கும் வரை கவலையில்லை. நன் என்றிருந்தால் யாரும் குரல் கொடுக்கவில்லை, பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். இது சிரமமாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொண்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

சார்ஜர், பேட்டரி இரண்டுக்குமே ஸ்லீப் நேரத்தை நெவர் என்று மாற்றுங்கள். திரை அணையும் நேரத்தைத் தொட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் அணையட்டும். மூடியைத் திறந்தே வைப்பது நல்லது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாராவது வந்து மூடிவிடுவார்கள் என்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் டூ நத்திங் என்று வையுங்கள். ஆனால் அப்படி வைத்துவிட்டு ஓடும் கணினியை மூடிப் பைக்குள் போட்டுவிடாதீர்கள், உள்ளேயே வெந்துவிடும். மறுநாள் காலை எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மாற்றி மாற்றி வைப்பது மறந்துபோகும் என்பவர்களுக்கு, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற தொகுப்பில் அவேக் என்றொரு சிறு கருவி இருக்கிறது. இத்தனை மணி நேரம் விழித்திரு என்று சொல்லிவிட்டால் போதும். நேரம் முடிந்ததும் பழைய அமைப்பு தானாகத் திரும்பிவிடும். நாங்கள் இரவல் கொடுக்கும் கணினிகளில் இப்போது இதைப் போட்டே கொடுக்கிறோம்.

"ஒரேயடியா நெவர்னு வச்சிட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மேசைக் கணினி ஒன்று சும்மா கிடக்கும்போது 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் தூங்காமல் கிடக்கும் பத்து மணி நேரத்துக்கு 0.6 யூனிட். நமக்குக் கரண்ட் பில் வரும் இரண்டு மாதக் கணக்கில் அது 36 யூனிட். அவ்வளவும் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. இது வீண்விரயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மடிக்கணினி இதைவிட மிகக் குறைவாகத்தான் இழுக்கும், ஆனால் தூங்காத மடிக்கணினி பையில் சூடாகும், பேட்டரியும் சீக்கிரம் தேயும்.

கடைசி நாளுக்கு முந்தைய இரவில் நேராக விண்ணப்பத் தளத்தில் பெரிய ஃபைலை ஏற்றுவது எப்படியும் ஆபத்துதான். இடையில் அறுந்தால் பெரும்பாலான தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் கணினி நிரல்கள் தூங்கி எழுந்தாலும் மிச்சத்தைத் தாமாகவே ஏற்றிவிடும். கல்லூரி டிரைவ் லிங்க்கை ஏற்றுக்கொள்ளும் என்றால் அதுவே மேல். ஏற்காவிட்டால், வீடியோவின் அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். நம் மாணவியின் நான்கு ஜிபியை ஒரு ஜிபிக்குள் அடக்கியிருக்கலாம் என்பது எங்களுக்கே பிறகுதான் உறைத்தது.

ஃபோன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது. "ஃபஜ்ருக்கு பாங்கு சொல்லும் ஆப் போட்டிருக்கேன், லுஹருக்கும் அஸருக்கும் சொல்லுது, ஃபஜ்ருக்கு மட்டும் சொல்றதில்லை." ஆப் மேல் குறை இல்லாமலும் இது நடக்கலாம். அசையாமல் கிடக்கும் ஃபோனில் பின்னணி வேலைகளை நிறுத்தி வைக்கும் முறை ஆண்ட்ராய்டில் 2015 முதல் இருக்கிறது. சில ஃபோன் கம்பெனிகள் அதற்கு மேலும் கெடுபிடி செய்கின்றன. பகலில் ஃபோன் கையில் இருப்பதால் ஆப் விழித்திருக்கிறது. இரவில் ஃபோன் அசையாமல் கிடப்பதால் ஆப்பும் சேர்ந்து தூங்கிவிடுகிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போய், அந்த ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நம் பெரியவர்களின் ஃபோனில் பிள்ளைகள் இதைச் செய்து கொடுங்கள்.

நம் மாணவிக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரவல் கணினியைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தாள்: "படுக்கும் முன் ஸ்லீப் பார்." அதை நாங்கள் எடுக்கவில்லை. அடுத்து வாங்கிச் சென்ற பிள்ளையிடமும் அப்படியே போயிருக்கிறது.

இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கணினியைக் கொண்டு வாருங்கள். கட்டணம் இல்லை. பெண்களுக்குத் தனி இடமும், பார்த்துத் தர இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள். கணினி எந்த நேரத்தில் நின்றது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், பதிவில் தேடுவது எங்களுக்குச் சுலபமாக இருக்கும்.